அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொதுத் தோட்டத்தில் பயிர் வளர்க்கக் கற்றுத்தருதல்: தருமபுரிச் செம்மண்ணுக்கான முழுமையான வழிகாட்டி

குடியிருப்புப் பகுதியில் உள்ள பொது இடம் ஒன்றைத் திருத்தி, அங்குள்ள பிள்ளைகளுக்குக் கீரையும் காய்கறியும் வளர்க்கக் கற்றுத்தர விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் ஆர்வக் குறைவால் நிற்பதில்லை. வேலைகளின் வரிசை மாறிப்போவதால் நிற்கின்றன. பிள்ளைகளை முதலில் கூட்டிவிட்டுப் பிறகு தண்ணீருக்கு அலைகிறவர்களையும், விதையைக் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு மண்ணைக் கொத்தத் தொடங்குகிறவர்களையும் தொடர்ந்து பார்த்துவருகிறேன். காத்திருக்க நேர்ந்த பிள்ளை மூன்றாவது வாரம் வருவதில்லை. ஆகவே கீழே உள்ள முதல் ஐந்து படிகளும் பெரியவர்கள் மட்டும் செய்து முடிக்க வேண்டியவை. பிள்ளைகள் ஆறாவது படியில்தான் உள்ளே வருகிறார்கள்.

அளவுகள் அனைத்தும் தருமபுரி நகரையும் அதைச் சுற்றியுள்ள செம்மண் நிலத்தையும் மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்துக்கும் இவை பொருந்தும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பகுதிகள் உயரமானவை, குளிர்ச்சியானவை என்பதால் அங்கே பயிர்த் தேர்வு மட்டும் மாறும்.

1. இடமும் எழுத்துப்பூர்வமான இசைவும்

மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கிய திறந்தவெளி, பள்ளியின் பின்புறம், கோயிலை ஒட்டிய காலி இடம், யாரோ ஒருவரின் கட்டப்படாத மனை ஆகியவையே பெரும்பாலும் கிடைப்பவை. திறந்தவெளி நிலமாக இருந்தால் நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்திலும், தனியார் மனையாக இருந்தால் உரிமையாளரிடமும் எழுத்தில் இசைவு பெற வேண்டும். குறைந்தது ஓர் ஆண்டுக் காலம் அதில் குறிப்பிடப்பட வேண்டும். காய் பிடித்திருக்கும் நேரத்தில் வீடு கட்டக் கல் இறக்கப்பட்டால், அந்தப் பிள்ளைகளை மறுபடி அழைத்துவருவது மிகக் கடினம்.

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழுகிறதா என்பதைக் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் நேரில் நின்று பார்க்க வேண்டும். வேப்ப மரத்தடி பிள்ளைகள் உட்காருவதற்கு நல்லது, பாத்திக்கு ஆகாது.

வேலி இல்லாமல் தொடங்க வேண்டாம். ஆடும் கோழியும் ஒரு காலை வேளையில் முழுப் பாத்தியையும் முடித்துவிடும். முள்வேலி பிள்ளைகளுக்கு ஆபத்து என்பதால் மூங்கில் தட்டியோ பச்சை வலையோ போதும்.

2. தண்ணீர்

மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள ஒரு பாத்திக்கு மழையில்லாத நாட்களில் ஏறத்தாழ எட்டு லிட்டர் தண்ணீர் தேவைப்படும். பத்துப் பாத்திகள் என்றால் எண்பது லிட்டர். 200 லிட்டர் டிரம் ஒன்றை நிரப்பி வைத்தால் இரண்டு நாட்களுக்கு வரும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, அந்தத் தண்ணீர் ஒவ்வொரு நாளும் எங்கிருந்து வரும், யார் நிரப்புவார் என்பதற்குப் பெயர் சொல்லி விடை கிடைத்த பின்னரே அடுத்த படிக்குப் போக வேண்டும். கிடைக்கும் தண்ணீர் ஐந்து பாத்திகளுக்குத்தான் போதும் என்றால் ஐந்து பாத்திகளே போட வேண்டும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் நீரைத் தோட்டத்துக்குத் திருப்பக் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பதால் குடிப்பதற்கென்று கொண்டுவரப்படும் தண்ணீர் அது. அதே காரணத்தால், தோட்டத்தில் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைப் பிள்ளைகள் குடிக்கவும் விடக் கூடாது. வளரும் வயதில் அந்த நீரைத் தொடர்ந்து குடித்தால் பற்களில் கறை படியும்; நீண்ட காலத்தில் எலும்பையும் பாதிக்கும். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து குடிநீர்ப் புட்டி கொண்டுவர வேண்டும் என்பதை முதல் விதியாக வைக்கலாம். பாத்திக்குக் கிணற்று நீரும், வீடுகளில் அரிசி, காய்கறி கழுவிய நீரும் போதும். சோப்பு கலந்த நீரைத் தவிர்த்துவிட வேண்டும்.

டிரம்முக்கு இறுக்கமான மூடி கட்டாயம். திறந்த டிரம்மில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். எட்டிப் பார்க்கும் சிறு குழந்தை தலைகுப்புற விழவும் வாய்ப்புண்டு. அடியில் குழாய் பொருத்திவிட்டால் மூடியைத் திறக்கும் தேவையே இராது. வாரம் ஒரு முறை டிரம்மைக் காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி நிரப்ப வேண்டும்.

3. நிலத்தைப் பிள்ளைகள் கால் வைக்கத் தகுந்ததாக்குதல்

நகரத்துக் காலி மனைகளில் கண்ணாடித் துண்டு, ஆணி, உடைந்த டியூப்லைட், பழைய பேட்டரி எல்லாம் புதைந்திருக்கும். மேல்மண்ணை ஓரடி ஆழத்துக்குக் கொத்திக் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும். சிமெண்டுக் கட்டியையும் சுண்ணாம்புக் காரையையும் விட்டுவைத்தால் மண்ணின் காரத்தன்மை ஏறி இலைகள் மஞ்சளாகும். குப்பை தொடர்ந்து எரிக்கப்பட்ட இடத்திலும் பேட்டரி கிடந்த இடத்திலும் உணவுப் பயிர் வேண்டாம். அந்த மூலையை உட்காரும் இடமாக ஒதுக்கிவிடலாம்.

இந்தப் பகுதியில் கற்குவியலுக்கு அடியில் தேள் இருப்பது வழக்கம். கற்களைக் கடப்பாரையால் புரட்டி அப்புறப்படுத்துவது பெரியவர்களின் வேலை. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். அது தோல் அரிப்பையும் சிலருக்கு மூச்சுத் திணறலையும் உண்டாக்கும் என்பதால் பிள்ளைகளைக் கொண்டு பிடுங்கச் செய்யவே கூடாது.

4. மண்ணும் பாத்தியும்

நம் செம்மண் பெரும்பாலும் ஆழமற்றது, சரளை கலந்தது. தண்ணீரை விரைவாக உறிஞ்சி விரைவாக உலர்ந்துவிடும், கரிமச்சத்தும் குறைவு. ஆகவே பாத்திக்குப் பத்துக் கிலோ அளவில் நன்கு மக்கிய எருவும், நூறு கிராம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து கொத்திவிட்டு, இரண்டு வாரம் ஈரப்படுத்தி வைக்க வேண்டும். எரு நன்கு மக்கியதற்கு அடையாளம், சாண வாடை போய் மண் வாடை வருவதும் கையில் எடுத்தால் உதிர்வதும் ஆகும். மக்காத சாணத்தில் நோய்க்கிருமிகள் இருக்கும். பிள்ளைகள் கையால் அளையப்போகும் மண் இது என்பதை மறக்கக் கூடாது. மக்காத எருவோடு களை விதையும் வேர்ப்புழுவும் சேர்ந்தே வரும்.

மண்ணின் நிலை பற்றி ஐயம் இருந்தால் பரிசோதித்துவிடுவது நல்லது. பல இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவத்தில் அரையடி ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்திய அரைக் கிலோ மாதிரி போதும். பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை இதற்காக அணுகலாம்.

பாத்தியின் அகலத்தில் ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. பெரியவர்கள் தங்கள் கைநீளத்துக்கு நாலடி அகலத்தில் போடுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு நடுப்பகுதி எட்டாது என்பதால் அது பாத்திக்குள் கால் வைக்கும். மிதிபட்ட செம்மண் வெயிலில் இறுகி வேரை விடாது. மூன்றடியே மேல் எல்லை. நடைபாதை ஒன்றரை அடி இருந்தால் இருவர் எதிரெதிரே குந்தியிருந்து வேலை செய்ய முடியும்.

காணொளிகளைப் பார்த்து மேட்டுப்பாத்தி போடுவது இப்போது பரவிவிட்டது. மழை மிகுந்த இடங்களுக்கு அது சரி. இங்கே ஆண்டின் பெரும்பகுதியில் நம் கவலை தண்ணீர் தங்காததுதான். மேட்டுப்பாத்தி பக்கவாட்டிலும் காய்ந்துபோகும். தரைமட்டப் பாத்தியைச் சுற்றி நான்கு விரல் உயரத்தில் வரப்பு கட்டிவிடுங்கள். புரட்டாசி, ஐப்பசியில் கனமழை பெய்தால் வரப்பை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும்.

5. பட்டத்தையும் பள்ளி நாட்காட்டியையும் சேர்த்துப் பார்த்தல்

பெரியவர்களின் தோட்டத்துக்கு விதைக்கும் பருவமான பட்டம் ஒன்றே போதும். பிள்ளைகளின் தோட்டத்துக்குத் தேர்வுகளும் விடுமுறையும் சேர்ந்துகொள்கின்றன. ஜூனில் பள்ளி திறந்து, பிள்ளைகள் புது வகுப்பில் நிலைபெற்ற பிறகு ஆடியில் விதைப்பது மிகப் பொருத்தமானது. காலாண்டுத் தேர்வு வருவதற்கு முன் கீரையும் முள்ளங்கியும் அறுவடையாகிவிடும். காலாண்டு விடுமுறையில் வெண்டையும் காராமணியும் காய்த்துக்கொண்டிருக்கும். இரண்டாவது விதைப்பை அரையாண்டு விடுமுறையை ஒட்டி, மார்கழி இறுதியிலோ தையிலோ வைத்துக்கொண்டு, ஆண்டுத் தேர்வுக்கு முன் முடித்துவிட வேண்டும்.

பயிர்த் தேர்வில் பிள்ளையின் பொறுமையை அளவுகோலாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு பாத்தியிலும் மூன்று வேகத்தில் வளரும் பயிர்கள் இருக்க வேண்டும். சிறுகீரை, முளைக்கீரை இரண்டும் மூன்று நான்கு வாரங்களில் கைக்கு வரும். முள்ளங்கி ஆறு வாரம். வெண்டை, கொத்தவரை, காராமணி ஆகியவை ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது வாரங்களில் காய் கொடுக்கத் தொடங்கும். முதலாவது அறுவடை, மூன்றாவது அறுவடைக்காகக் காத்திருக்கும் மனநிலையைப் பிள்ளைக்குத் தருகிறது. பாலக்கோடும் இராயக்கோட்டையும் தக்காளிக்குப் பேர்போன ஊர்கள் என்பதால் எல்லாப் பிள்ளைகளும் முதலில் தக்காளிதான் கேட்பார்கள். நாற்றங்காலில் மூன்று நான்கு வாரம், நட்ட பிறகு இரண்டு மாதத்துக்கும் மேல், இடையில் ஆடிக் காற்றுக்கு ஊன்றுகோல், நோய்கள் என அது முதல் பருவத்துக்குக் கடினமான பயிர். பொதுவான ஒரு பாத்தியில் மட்டும் வைத்துக்கொண்டு, தனிப் பாத்திகளில் இரண்டாம் பருவத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

பந்தல் அவரையைத் தையில் ஊன்றுவது இன்னொரு பிழை. பகல் நேரம் குறையும் மாதங்களில்தான் அதன் நாட்டு வகைகள் பூக்கும். தையில் ஊன்றினால் கோடை முழுவதும் கொடியும் இலையுமாகவே படரும். ஆடியில் வேலியோரம் ஊன்றினால் பனிக்காலத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும்.

விதையை முடிந்தவரை அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடமிருந்து பெறுங்கள். பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நகரத்துக்கு வந்து குடியேறிய ஆயாக்கள் பலருடைய வீட்டுப் பானையில் இன்னமும் காராமணியும் சுரையும் இருக்கும். அவர்களைத் தோட்டத்துக்கு அழைக்க அதுவே நல்ல காரணமாகவும் அமையும். கடையில் வாங்கும் பொட்டலங்களில் இளஞ்சிவப்பு, நீலம், பச்சை நிறம் பூசப்பட்ட விதைகள் பூஞ்சாணக் கொல்லி மருந்து கலந்தவை. அவற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கக் கூடாது. நிறம் பூசாத விதையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

6. பெற்றோரிடம் பேசிவிட்டுப் பிள்ளைகளைப் பிரித்தல்

பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டியவை சில உண்டு: தோல் ஒவ்வாமை, வீசிங், கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட காலம், பிள்ளையை அழைத்துச் செல்ல வருபவர் யார் என்பன. முதலுதவிப் பெட்டி ஒன்றும் சோப்பும் தோட்டத்திலேயே இருக்க வேண்டும். செருப்பு அணியாமல் யாரும் உள்ளே வரக் கூடாது.

ஒரு பெரியவருக்கு எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஒரு பாத்திக்கு இருவர். உடன்பிறந்தவர்களை ஒரே பாத்தியில் சேர்த்தால் மூத்தது எல்லாவற்றையும் செய்துவிடும், இளையது வேடிக்கை பார்க்கும்; ஆகவே அவர்களைப் பிரித்து, பெரிய பிள்ளை ஒன்றையும் சிறிய பிள்ளை ஒன்றையும் வெவ்வேறு வீடுகளிலிருந்து சேர்ப்பது நல்லது. வாரம் ஒரு நாள், ஞாயிறு காலை ஏழு மணி முதல் ஒரு மணி நேரம் வகுப்பு. மற்ற நாட்களில் மாலை கால் மணி நேரம் முறை வைத்துத் தண்ணீர். இதற்கு மேல் கேட்டால் டியூஷனோடு மோதும், பெற்றோர் நிறுத்திவிடுவார்கள்.

பெரியவர்கள் அனைவரும் ஏற்க வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. பிள்ளைகளின் பாத்தியில் பெரியவர் கை படக் கூடாது. கோணலாக இருக்கும் வரிசையைப் பார்த்ததும், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு நேராக்கிவிடத் தோன்றும். மறுநாள் வந்து பார்க்கும் பிள்ளைக்கு அது தன் பாத்தி இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். அதன் பிறகு நாம் சொன்னால்தான் செய்யும், தானாகப் பார்க்காது. செய்து காட்ட வேண்டுமென்றால் அதற்கென்று ஒதுக்கிய பொதுப் பாத்தியில் செய்து காட்டுங்கள். பரிசுப் போட்டியும் வைக்க வேண்டாம். பக்கத்துப் பாத்திக்கு வந்த அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி நம் பாத்திக்கும் வரும் என்னும்போது, ஒருவருக்கொருவர் மறைத்து வைப்பதால் எல்லோருக்கும் இழப்பு.

7. முதல் வகுப்பு: முளைப்புச் சோதனை

முதல் நாளில் மண்ணைத் தொட வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்துக் காராமணி விதைகளைக் கொடுத்து, ஈரமான பருத்தித் துணியில் இடைவெளி விட்டு வைத்துச் சுருட்டி, டிபன் டப்பாவில் போட்டு வீட்டுக்கு அனுப்புங்கள். நாள்தோறும் இருமுறை துணியின் ஈரத்தைப் பார்த்து, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். இரண்டு மூன்று நாட்களில் முளை தெரியும். நான்காம் நாள் எத்தனை முளைத்தன என்று எண்ணி எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வர வேண்டும்.

இந்தச் சிறு வேலையால் நமக்குப் பல செய்திகள் கிடைக்கின்றன. பத்தில் ஏழுக்குக் குறைவாக முளைத்தால் அந்த விதையை அடர்த்தியாக ஊன்ற வேண்டும். ஐந்துக்குக் குறைவென்றால் வேறு விதை தேட வேண்டும். எந்தப் பிள்ளையின் துணி காய்ந்துபோயிற்று, எவருடையது தண்ணீர் தேங்கி அழுகிற்று என்பதிலிருந்து யாருக்கு எந்த உதவி தேவை என்பதும் புரிந்துவிடும். மண்ணுக்குள் நடப்பதை ஒரு முறை கண்ணால் பார்த்த பிள்ளை, விதைத்த மறுநாள் மண்ணைத் தோண்டிப் பார்ப்பதில்லை. இந்தப் படியைத் தாண்டிப் போன குழுக்களில் அந்தத் தோண்டல் தவறாமல் நடக்கிறது.

8. விதைத்தல்

முந்தைய நாள் மாலையே பாத்திக்குத் தண்ணீர் விட்டு, காலையில் மண் புட்டு மாவின் பதத்தில் இருக்க வேண்டும். சேறாக இருந்தால் விதை அழுகும்.

வரிசை பிடிக்க, ஓரடிக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறு ஒன்றைப் பாத்தியின் குறுக்கே கட்டிவிடுங்கள். ஒவ்வொரு முடிச்சுக்குக் கீழேயும் சுட்டுவிரலின் முதல் கணு மறையும் அளவு குழி, குழிக்கு இரண்டு விதை. வெண்டைக்கும் காராமணிக்கும் இந்த ஆழம் சரியாக இருக்கும். வெண்டை வரிசைகளுக்கு இடையே ஒன்றரை அடி விட வேண்டும். வெண்டை விதையை முந்தைய இரவு தண்ணீரில் ஊறவைத்தால் முளைப்பு சீராகும். சின்ன விதையை ஆழமாகப் புதைப்பதும், மூடிய மண்ணை உள்ளங்கையால் அழுத்தி அடிப்பதும் பிள்ளைகள் எல்லோருமே செய்யும் பிழைகள். விதை தன் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் இருந்தால் போதும் என்று சொல்லி, விதையையும் குழியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் செய்யுங்கள்.

கீரை விதை மிகச் சிறியது என்பதால் பிள்ளையின் கையிலிருந்து ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஒரு தேக்கரண்டி விதையை இரண்டு கைப்பிடி உலர்ந்த மணலோடும் சிறிது சாம்பலோடும் கலந்து தூவினால் பரவலாக விழும். எறும்பு இழுத்துச் செல்வதும் குறையும். மேலே மண்ணை மெல்லியதாகச் சலித்துத் தூவிவிட்டு, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். குடத்திலிருந்து நேராக ஊற்றினால் விதைகள் எல்லாம் மூலைக்கு ஒதுங்கிவிடும்.

பாத்தியின் தலைப்பில் பிள்ளைகளின் பெயர், பயிர், விதைத்த நாள் மூன்றும் எழுதிய பலகை நட வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்திலும் அதே விவரம் இருக்கட்டும்.

9. தண்ணீர் விடப் பழக்குதல்

பத்து லிட்டர் பூவாளி நிரம்பினால் பத்துக் கிலோ எடைக்கும் மேல். சிறு பிள்ளை அதைத் தூக்க முடியாமல் சாய்த்துச் செடியின் மேல் கொட்டும். இரண்டு லிட்டர் பூவாளியோ, மூடியில் ஊசியால் துளையிட்ட பழைய குளிர்பானப் புட்டியோ கொடுங்கள். நான்கு நடையில் ஒரு பாத்திக்குப் போதுமான நீர் வந்துவிடும்.

எப்போது விடுவது என்பதைக் கடிகாரத்தைக் கொண்டு சொல்லாமல் விரலைக் கொண்டு சொல்ல வேண்டும். சுட்டுவிரலை இரண்டாம் கணு வரை மண்ணில் நுழைத்து எடுக்கும்போது விரலில் ஈரமண் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம், ஒட்டாவிட்டால் விட வேண்டும். விதைத்த அன்றும், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீராகவும் மட்டும் இந்தச் சோதனை இல்லாமல் விடலாம். தொடக்கத்தில் பிள்ளைகள் காய வைப்பதைவிட அளவுக்கு மேல் ஊற்றுவதே அதிகம். பொதுப் பாத்தியின் தக்காளி நாற்று தண்டடியில் அழுகிச் சாய்வது இதனால்தான். நண்பகலில் வாடிய இலையைப் பார்த்துவிட்டு ஓடிவந்து ஊற்றும் பிள்ளையை மாலை வரை பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் தணிந்தபின் இலை தானாக நிமிர்ந்தால் வேரில் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

செடி நான்கு விரல் உயரம் வந்ததும் காய்ந்த இலை, வைக்கோல், நிலக்கடலைத் தோல் ஆகியவற்றால் மூடாக்கு இட வேண்டும். நம் செம்மண்ணில் இதைச் செய்தால் நாள்தோறும் விட வேண்டிய தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் விட்டால் போதும். தண்டைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி விடுவது அவசியம்.

10. பயிர் கலைத்தல்

நெருக்கமாக முளைத்த செடிகளில் சிலவற்றைப் பிடுங்கி மற்றவற்றுக்கு இடம் விடுவதே பயிர் கலைத்தல். பிள்ளைகளுக்கு மிகக் கடினமான பாடம் இதுவே. தாங்களே விதைத்து, தாங்களே தண்ணீர் விட்டு முளைத்த செடியைப் பிடுங்கச் சொன்னால் கண்ணீர் வருவதும் உண்டு. பெரியவர்கள் இரக்கப்பட்டு விட்டுவிடுவார்கள். ஆறு வாரம் கழித்து முள்ளங்கி எல்லாம் நூல் போன்ற வேரோடு வரும், பிள்ளை ஏமாந்துபோகும்.

கட்டளையிடுவதைவிடச் சோதித்துப் பார்க்கச் செய்வது பயன் தரும். முள்ளங்கி வரிசையில் ஒரு பாதியைப் பத்தாம் நாளில் நான்கு விரல் இடைவெளிக்குக் கலைத்துவிட்டு, மறுபாதியை அப்படியே விடச் சொல்லுங்கள். நாற்பதாம் நாள் இரண்டு பாதியையும் பிடுங்கிப் பக்கத்தில் வைத்தால் அடுத்த பருவத்தில் யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. கலைத்தெடுத்த கீரை நாற்றும் முள்ளங்கி இலையும் உணவாகும் என்பதால், அன்றே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பருப்போடு சேர்த்து வேகவைக்கச் சொன்னால் வருத்தம் பெரிதும் தணியும். வெண்டைக் குழியில் இரண்டும் முளைத்திருந்தால் வலுவானதை நிறுத்தி, மற்றதைக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் நறுக்க வேண்டும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

களையெடுப்பை இதற்குப் பிறகுதான் கற்றுத்தர வேண்டும். இரண்டும் ஒரே நாளில் என்றால் பயிரும் களையும் சேர்ந்தே போய்விடும். பயிரின் முதல் இலைகளை நோட்டில் வரைந்து வைத்திருக்கும் பிள்ளைக்கு இந்தக் குழப்பம் வராது.

11. பூச்சிகளைப் பார்க்கப் பழக்குதல்

ஞாயிறு வகுப்பின் முதல் பத்து நிமிடம் இலையின் அடிப்புறத்தைப் பார்ப்பதற்கு. பொறிவண்டின் புழு கறுத்து முள்ளுமுள்ளாக இருப்பதால் பிள்ளைகள் அதையே முதலில் நசுக்குவார்கள். அசுவினியைத் தின்று நமக்கு உதவுவது அது. ஒரு புழுவைக் காற்றுப் போகும் டப்பாவில் அசுவினி படிந்த இலையோடு ஒரு நாள் வைத்துப் பார்த்தால் தெரிந்துகொள்வார்கள்.

காராமணியில் அசுவினி ஏறினால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவலாம். தொடர்ந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் பெரியவர் தெளிக்க வேண்டும்; அப்போது பிள்ளைகள் வேலிக்கு வெளியே நிற்கட்டும். வெண்டை இலையின் நரம்புகள் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நரம்புத் தேமல் நோய். அதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியை அன்றே பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். கடை மருந்து எதுவும் இந்தத் தோட்டத்துக்குள் வரக் கூடாது. பிள்ளைகள் வெண்டைப் பிஞ்சைப் பறித்த இடத்திலேயே தின்பார்கள்.

அதே காரணத்தால் சாணமும் கோமியமும் கலந்த ஜீவாமிர்தத்தைக் கீரையின் மேல் தெளிக்காமல், தேவையென்றால் விதைப்புக்கு முன் மண்ணில் விட்டுவிடுவது பாதுகாப்பானது. வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவுவதை யாருக்கும் தளர்த்த வேண்டாம்.

12. அறுவடையும் பங்கீடும்

யாருக்கு எவ்வளவு என்பதை விதைப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். பாத்தியில் விளைவது அதன் இருவருக்கும் சமமாக. வேலியோரச் சுரையும் பூசணியும் அவரையும் எல்லோருக்கும் பொதுவாக. காய் தொங்கும் நேரத்தில் பேசத் தொடங்கினால் அது பெற்றோர் சண்டையாக முடியும்.

வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். பெரிதாகட்டும் என்று விட்டால் நார் பாய்ந்துவிடும், செடியும் புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். முளைக்கீரையை வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரை போட்டிருந்தால் நான்கு விரல் விட்டுக் கத்தரித்தால் மறுபடி தழையும்.

முதல் கீரை அறுவடையைப் பங்கிடாமல், யாராவது ஒரு வீட்டுத் திண்ணையில் சேர்த்துச் சமைப்பது நல்லது. ராகிக் களியும் கீரைக் கடைசலும் போதும். வீட்டில் கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் பிள்ளை, தான் கலைத்து விட்டு வளர்த்த கீரையைக் கேட்டு வாங்கிச் சாப்பிடும்.

13. விதை எடுத்தலும் கோடை இடைவெளியும்

ஒவ்வொரு பாத்தியிலும் மிக நலமாக இருக்கும் செடி ஒன்றை, அறுவடை தொடங்கும்போதே, வண்ண நூல் கட்டி விதைக்கென்று நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும் பறித்துவிட்டுக் கடைசியாக மிஞ்சிய சொத்தையை விதைக்கு விடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. காராமணி தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் தாயைப் போலவே முளைக்கும். பிள்ளைகள் தொடங்க அதுவே ஏற்றது. பூசணியும் சுரையும் பக்கத்து வகைகளோடு கலந்துவிடும் என்பதால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீரிய ஒட்டு விதையில் விளைந்ததிலிருந்து விதை எடுக்க வேண்டாம், அடுத்த தலைமுறை பலவிதமாகப் பிரிந்துவிடும். நெற்று நன்கு காய்ந்தபின் உரித்து, நிழலிலும் இளவெயிலிலும் உலர்த்தி, சாம்பல் கலந்து, பெயரும் மாதமும் எழுதிய காகித உறையில் போட்டு டப்பாவில் வைக்க வேண்டும்.

பங்குனியில் காய்கறி முடிந்ததும் பாத்திகளை வெறுமையாக விடாமல் தடிமனான மூடாக்கால் மூடிவிடுங்கள். தேர்வும் விடுமுறையும் வெயிலும் சேர்ந்து வரும் அந்த இரண்டு மாதங்களில் தண்ணீர் முறையை நடத்த முயன்று பலர் சோர்ந்து, தோட்டத்தையே கைவிடுகிறார்கள். வைகாசியில் கோடை மழை கிடைத்ததும் மூடாக்கை விலக்கி, சணப்பை, காராமணி, கம்பு, எள் எனக் கையில் உள்ளவற்றைக் கலந்து பலதானியமாக விதைத்துவிடலாம். அது பூக்கும் தறுவாயில், ஏறத்தாழ நாற்பத்தைந்து நாளில், பள்ளி திறந்து பிள்ளைகள் திரும்பியிருப்பார்கள். அவர்களைக் கொண்டே அரிவாள் இல்லாமல் கையால் ஒடித்து, பெரியவர்கள் மண்வெட்டியால் மடக்கிக் கொத்திவிட்டால், இரண்டு மூன்று வாரத்தில் மக்கி, ஆடிப்பெருக்குக்கு மண் ஆயத்தமாகிவிடும்.

இரண்டாம் ஆண்டில் பழைய பிள்ளைகள் பயிரைத் தாங்களே தேர்ந்தெடுக்கட்டும், தனிப் பாத்தியில் தக்காளியும் வைக்கட்டும். புதிதாக வருபவர்களின் முளைப்புச் சோதனைக்கான காராமணியை அவர்கள் சேமித்த உறையிலிருந்து எடுத்து, துணி சுருட்டும் முறையையும் அவர்களே சொல்லித்தரச் செய்யுங்கள். வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடினாலும், இரண்டாம் படியில் போட்ட தண்ணீர்க் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்த பிறகே புதுப் பாத்தி வெட்ட வேண்டும்.